தாட்சாயணி வேலாயுதன்: ஆறே ஆண்டுகளில் முடிந்த ஓர் அரசியல் வாழ்வும், பாதியில் நறுக்கப்பட்ட ஒரு வாக்கியமும்

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் எங்கள் குடும்பத்து வாட்சப் குழுவில் ஒருவர் ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். வெள்ளைச் சேலையுடுத்திய ஒரு பெண்மணியின் பழைய ஒளிப்படம். அதன் கீழே, "எந்த இடத்திலும் எந்த வகையான ஒதுக்கீட்டையும் நான் ஆதரிக்கவில்லை" என்ற வாசகமும், அதற்குக் கீழே "அரசியல் நிர்ணய சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினர் சொன்னது" என்ற குறிப்பும் இருந்தன. அதைப் பகிர்ந்தவருக்கு அந்தப் பெண்மணியின் பெயர் தெரியவில்லை. கேட்டபோது, "யாராக இருந்தால் என்ன, சொன்னது உண்மைதானே" என்று பதில் வந்தது.

அந்தப் பெண்மணி தாட்சாயணி வேலாயுதன். 1912 ஜூலை 4 அன்று கொச்சி சமஸ்தானத்தின் முளவுகாடு தீவில், தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டிருந்த புலையர் சாதிக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1946 முதல் 1952 வரை, முதலில், அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் பின்னர் இடைக்கால நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். அதன் பிறகு எந்த அவையிலும் அவர் அமரவில்லை. 1978 ஜூலை 20 அன்று, அறுபத்தாறு வயதில் காலமானார்.

அந்த வாசகத்தை அவர் சொன்னாரா என்று கேட்டால், சொன்னார். 1947 ஆகஸ்ட் 28 அன்று அவையில் சொன்னார். ஆனால் அதே பேச்சில் அவர் சொன்ன வேறொன்றை அந்தப் படத்தைச் செய்தவர் விட்டுவிட்டார். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். எனவே அவருடைய ஊரையும் காலத்தையும் அறிந்தவர்கள் முதலில் எழுத வேண்டுகிறேன்.

காயலோரம்

நான் இருபது ஆண்டுகளாக எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும் தமிழன். முளவுகாட்டுக்கு இப்போது பாலம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வள்ளம்தான். வைகைக்கரையார் ஊரைக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாட்சாயணி பிறப்பதற்கு முன்னும் பின்னுமான அந்த ஆண்டுகளில், கொச்சியில் புலையர்கள் நடக்கக்கூடாத சாலைகள் இருந்தன, வாங்கக்கூடாத கடைகள் இருந்தன, பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்ற வழக்கமும் இருந்தது. 1913 இல் அவர்கள் ஒரு கூட்டம் நடத்த விரும்பியபோது, மன்னரின் நிலத்தில் கூட அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. "நிலம்தானே மன்னருடையது, நீர் அல்லவே" என்று வள்ளங்களைக் காயலில் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டி, அவற்றின் மீது பலகை பரப்பிக் கூட்டம் நடத்தினார்கள். கேரளத்தில் இதைக் காயல் சம்மேளனம் என்பார்கள். மீனவர் சமூகத்தைச் சேர்ந்த கவிஞர் பண்டிட் கருப்பன் இதற்குத் துணைநின்றார். தாட்சாயணியின் சிற்றப்பன் கிருஷ்ணாதி ஆசான் இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், அண்ணன் கே. பி. வள்ளோன் பின்னாளில் கொச்சி சட்டசபைக்கே நியமிக்கப்பட்டார். ஆகவே, அரசியல் இந்தப் பெண்ணுக்கு டெல்லியில் போய்க் கற்றுக்கொண்ட பாடம் இல்லை. வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் நடந்த பேச்சு.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் புலையர் வீட்டுப் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா என்ற வகையில்தான் பெயர் வைப்பார்கள். தட்சனின் மகள் என்ற பொருளுடைய வடமொழிப் பெயரை அவருக்கு வைத்ததே ஊராரைச் சீண்டியிருக்கும். மேலாடை அணிந்து பள்ளிக்குப் போன முதல் தலைமுறைப் பெண் அவர்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். வகுப்பில் ஒரே பெண். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் அவருக்குக் கருவிகளைத் தொட்டுக் காட்டித்தரவில்லை. மற்ற மாணவர்களுக்குக் காட்டுவதைத் தொலைவில் நின்று பார்த்தே சோதனைகளைக் கற்றார். 1935 இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவரே என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அந்தக் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது என்பதையும், மூன்றாண்டு கழித்து அவர் முடித்த ஆசிரியப் பயிற்சியும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையதே என்பதையும் நம்மவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பிறகு பெரிங்ஙோட்டுகரையிலும் திருப்பூணித்துறையிலும் பள்ளி ஆசிரியை. வயல் வரப்பில் அவர் போகும்போது எதிரே வந்த உயர்சாதிப் பெண் ஒருவர் இவரை இறங்கி வழிவிடச் சொன்னாராம். இவர் மறுத்து நிற்க, கடைசியில் அந்தப் பெண்தான் சேற்றில் இறங்கிப் போக வேண்டியதாயிற்றாம். இதை அவருடைய குடும்பத்தார் நினைவுகூர்ந்து சொல்லியிருக்கிறார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை என்ற நிலைமையும் அதே ஊர்களில்தான்.

பழஞ்சுவடி

காயலோரம் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

1940 செப்டம்பர் 6 அன்று சேவாகிராமத்தில், காந்தியும் கஸ்தூரிபாவும் முன்னிருக்க, ஆர். வேலாயுதனை மணந்தார். தொழுநோயாளி ஒருவர் புரோகிதராக இருந்து அத்திருமணத்தை நடத்தி வைத்தார். வேலாயுதன், பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணனின் உறவினர்; அவரும் இடைக்கால நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். கணவனும் மனைவியும் ஒரே அவையில் அமர்ந்த முதல் தலித் இணையர் இவர்கள் என்பார்கள்.

1945 இல் கொச்சி சட்டசபைக்குத் தாட்சாயணி நியமிக்கப்பட்டார். அங்கே அவர் பேசிய முதல் பேச்சு, அவர் காந்தியின் ஆசிரமத்தில் மணம் முடித்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது. தீண்டாமை நாட்டில் இருக்கும் வரை 'அரிசன்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை என்றும், நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைப்பதைப் போன்றது அது என்றும் சொன்னார். காந்தி கொடுத்த பெயரைக் காந்தியைப் போற்றிய ஒருவர் இப்படிச் சொன்னார். இவரைக் 'காந்தியவாதி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க முயல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்கு. இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது: கொச்சியைச் சேர்ந்தவர் எப்படிச் சென்னை மாகாணத்தின் பிரதிநிதியானார்? அந்தத் தேர்தல் மக்கள் நேராக வாக்களித்த தேர்தல் இல்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்தது. காங்கிரசின் பட்டியலில் பெயர் வந்தால் வெற்றி உறுதி. அப்படிச் சென்னையிலிருந்து சென்ற பெண்கள் மூவர்: அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி. அவை முழுவதிலும் பெண்கள் பதினைந்து பேர். அவர்களில் தலித் இவர் ஒருவர்தான், வயதிலும் இவரே இளையவர். முப்பத்து நான்கு.

கருவேலன்

எல்லாம் சரி. ஆனால், பழஞ்சுவடி ஐயா, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தியே என் வாதத்துக்குப் போதும். "காங்கிரசின் பட்டியலில் பெயர் வந்தால் வெற்றி உறுதி." அப்படியானால் அவர் யாருடைய பிரதிநிதி?

அதே 1946 இல் அம்பேத்கருக்குப் பம்பாயில் இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் சோகேந்திரநாத் மண்டலின் முயற்சியால் வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு அவைக்குள் நுழைந்தார். பிரிவினையால் அந்த இடமும் போனது. தாழ்த்தப்பட்டோருக்காக இருபது ஆண்டுகள் வாதாடியவர் இடம் தேடி நாட்டின் மறுகோடிக்கு அலைய வேண்டியிருந்தபோது, தாட்சாயணிக்குப் பிறக்காத மாகாணத்தில் இடம் தேடி வந்தது. காரணம், தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை அவர் எதிர்த்தார். காங்கிரசுக்கு அந்தக் குரல் தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் வாயிலிருந்து வரவேண்டியிருந்தது. அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவரின் பேச்சும் மற்றவர்களுக்குப் பயன்பட்டது என்கிறேன். இன்று வாட்சப்பில் அவர் படத்தைச் சுற்ற விடுபவர்கள் செய்வதும் அதுதானே? அன்றைக்குப் பயன்படுத்தியவர்களைப் போலவே இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

வைகைக்கரையான்

கருவேலன் தோழரின் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எந்த விவாதத்தில் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

1947 ஆகஸ்ட் 28. விடுதலை கிடைத்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை. சிறுபான்மையோர் பற்றிய ஆலோசனைக் குழுவின் அறிக்கையை வல்லபபாய் பட்டேல் அவையில் வைத்திருந்தார். தனி வாக்காளர் தொகுதி இருக்காது, எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டு வாக்காளர் தொகுதியில் இட ஒதுக்கீடு இருக்கும் என்பது அதன் சாரம். அப்போது எஸ். நாகப்பா ஒரு திருத்தத்தை முன்வைத்தார். இவரும் சென்னை மாகாணத்தவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்பவர் பொதுவாக்கில் வென்றால் மட்டும் போதாது. தம் சொந்த மக்களின் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டையாவது பெற்றிருக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மற்ற சாதியாரின் வாக்கால் மட்டும் வென்றவரைத் தம் பிரதிநிதி என்று தாழ்த்தப்பட்டோர் ஏற்க மாட்டார்கள் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு ஒதுக்கீட்டு இடங்களை ஏற்ற 1932 பூனா ஒப்பந்தக் காலம் முதல் அம்பேத்கர் எழுப்பிவந்த அச்சமும் இதுதான்.

தாட்சாயணி இத்திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். "எந்த வகையான ஒதுக்கீட்டையும் ஆதரிக்கவில்லை" என்பது அந்தப் பேச்சில்தான் வருகிறது. ஆனால் அதே பேச்சில் இதுவும் வருகிறது: தாழ்த்தப்பட்டோர், அரிசனர், வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, அவர்கள் பிறருக்குப் பொருளாதார அடிமைகளாக இருக்கும் வரை, தனி வாக்காளர் தொகுதி, கூட்டு வாக்காளர் தொகுதி, இத்தனை விழுக்காடு கொண்ட வேறெந்தத் தொகுதி என்று எதைக் கேட்பதிலும் பொருள் இல்லை.

ஒதுக்கீடு இல்லாமலேயே அம்மக்கள் நிறைவாக வாழ்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. கூலிக்காகப் பண்ணையாரின் வாசலில் நிற்பவன், எந்த முறையில் தேர்தல் வைத்தாலும் பண்ணையார் சொல்கிறவருக்குத்தான் வாக்களிப்பான் என்பதே அதன் உட்பொருள். அதாவது, நாகப்பாவின் 35 விழுக்காட்டையும் விலைகொடுத்தோ மிரட்டியோ வாங்கிவிடலாம். அதனால் நிலத்திலும் கூலியிலும் கைவைக்காமல் வாக்குமுறையில் கைவைப்பது வீண் என்பது அவர் வாதமாக எனக்குப் படுகிறது. இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் இதிலிருந்து "ஒதுக்கீடு தேவையில்லை, எல்லோரும் சமம்தான்" என்ற முடிவுக்குப் போகிறவர், பத்தியத்தைச் சொன்ன வைத்தியரைப் பட்டினி போடச் சொன்னார் என்று பழி சொல்கிறவர்.

இன்னொன்று. விவாதம் சட்டமன்ற இடங்களைப் பற்றியது. கல்லூரி இடம், அரசு வேலை, உதவித்தொகை ஆகியவை அன்றைய பேச்சில் இல்லை.

கருவேலன்

கடைசிப் பத்தியை நான் ஏற்கவில்லை. "எந்த இடத்திலும்" என்ற சொல் அவருடைய பேச்சிலேயே இருக்கிறது. அதைச் சட்டமன்றத்துக்கு மட்டும் என்று நீங்கள் குறுக்குவதும், வாட்சப்காரர்கள் பாதியை வெட்டுவதும் ஒரே தொழில்தான், கத்திதான் வேறு.

அவரே கொச்சி அரசின் உதவித்தொகையில் படித்தவர். கொச்சி சட்டசபையில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் நியமிக்கப்பட்டவர். அங்கே தம் மக்களுக்கான நிதியைக் குறைத்ததற்கு எதிராகவும் பேசியிருக்கிறார். ஏணியில் ஏறியவர் ஏணி வேண்டாம் என்று சொன்னார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் பிழை செய்தார் என்று சொல்வதால் அவர் சிறுத்துவிடமாட்டார்.

நாகப்பாவின் அச்சம் சரியானது என்பதற்கு 1952 சான்று. பம்பாய் வடக்கு ஒதுக்கீட்டு இடத்தில் அம்பேத்கரே தோற்றார். வென்ற காஜ்ரோல்கர் காங்கிரஸ்காரர்.

வைகைக்கரையான்

"எந்த இடத்திலும்" என்பதை நான் குறுக்கியது தவறுதான். திருத்திக்கொள்கிறேன். அவர் கொள்கையளவில் ஒதுக்கீட்டை விரும்பவில்லை என்பதே நேர்மையான கூற்று. விரும்பாததற்கு அவர் சொன்ன காரணம் இன்று அவரை மேற்கோள் காட்டுகிறவர்களின் காரணம் அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பழஞ்சுவடி

இருவரும் 1947 இலேயே நிற்கிறீர்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர் பேசியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அவருடைய எண்ணத்தின் போக்கு இன்னும் தெளிவாகும்.

1946 டிசம்பர் 19 அன்று, அரசியலமைப்பின் நோக்கங்களை அறிவித்த நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேசினார். அரசியலமைப்பை எழுதுவது எளிய வேலை, பின்பற்றுவதற்கு மாதிரிகள் பல உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தைப் புதிய அடித்தளத்தின் மீது எழுப்புவதுதான் கடினம் என்றார். பண்டைய லிச்சவிக் குடியரசைக் குறிப்பிட்டு, அங்கே ஒவ்வொரு குடிமகனும் அரசன் என்று அழைக்கப்பட்டதை நினைவூட்டினார். ஏழு கோடி அரிசனங்களைச் சிறுபான்மை என்று கருதுவதை ஏற்க மறுத்தார். விடுதலை எங்களுக்கு இந்தியரிடமிருந்துதான் கிடைக்க வேண்டுமே தவிர, பிரிட்டிஷ் அரசிடமிருந்து அல்ல என்றார். முஸ்லிம் லீக் அவைக்கே வராமல் இருந்த, லண்டனில் சர்ச்சில் தாழ்த்தப்பட்டோரின் காவலராகத் தம்மைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சூழலில்தான் 'பிரிந்து நிற்கும் பேச்சு வேண்டாம்' என்று அவர் சொன்னார். கருவேலன் சொல்வது போல் அது காங்கிரசுக்கு இனித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் 1948 நவம்பர் 8 அன்று அவர் பேசியது காங்கிரசுக்கு இனித்திருக்காது. வரைவு அரசியலமைப்பு, பிரிட்டிஷார் இயற்றிய 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் நகல் போலிருக்கிறது, அதிகாரம் எல்லாம் மையத்தில் குவிகிறது, பரவலாக்கம் இல்லை என்றார். ஆளுநர் பதவி அமைக்கப்பட்ட முறையையும் குறை சொன்னார். இதற்கெல்லாம் மேலே, இந்த வரைவை நாமே நிறைவேற்றிக் கொள்ளாமல், பொதுத்தேர்தல் நடத்தி மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கருத்தையும் முன்வைத்தார். மாகாணச் சட்டமன்றங்களால் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவையில் அமர்ந்துகொண்டு, அந்த அவையின் தகுதியையே உரசிப் பார்க்கிற கேள்வி இது. பட்டியலில் பெயர் வைத்ததற்காகத் தலையாட்டியவர் இப்படிப் பேசுவாரா என்பதைக் கருவேலன் தோழர் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் ஆளுநர் பதவியைப் பற்றி நடக்கும் வாதங்களில் எல்லோரையும் மேற்கோள் காட்டுகிறோம்; இவரை ஒருவரும் காட்டிக் கேட்டதில்லை.

கூலியில்லாமல் வாங்கும் கட்டாய வேலையைத் தடை செய்யும் பிரிவையும் அவர் பெரிதும் ஆதரித்தார். அது இந்தியாவின் பாசிசச் சமூகக் கட்டமைப்பில் ஒரு பொருளாதாரப் புரட்சியைக் கொண்டுவரும் என்ற அளவுக்குச் சொன்னார். வைகைக்கரையார் எடுத்துக்காட்டிய 'பொருளாதார அடிமைகள்' என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

நெய்தல்மகள்

ஆண்கள் நால்வரும் அவருடைய கொள்கையை அலசிக்கொண்டிருக்கிறீர்கள். தலைப்பில் "ஆறே ஆண்டுகளில் முடிந்த" என்று போட்டுவிட்டு, ஏன் முடிந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

1948 நவம்பர் 29 அன்று, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைய அரசியலமைப்பில் அது 17 ஆம் உறுப்பு. அந்த அவையில் இதைப் பற்றிப் பேச அவரை விடத் தகுதியான பெண் ஒருவரும் இல்லை என்பதை யாரும் மறுக்க மாட்டீர்கள். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டதாக அவைத்தலைவர் இருக்கையிலிருந்து குறுக்கிட்டார்கள். அன்று இருக்கையில் இருந்தவர் துணைத்தலைவர் எச். சி. முகர்ஜி. நேரத்தைக் கடந்துவிட்டீர்கள், நீங்கள் ஒரு பெண் என்பதால்தான் அனுமதிக்கிறேன் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பெருந்தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு உறுத்துகிறது. தீண்டாமையைப் பற்றிப் பேச அவருக்குக் கூடுதலாகக் கிடைத்த நிமிடங்கள் அவர் தீண்டாமையை அனுபவித்தவர் என்பதற்காகக் கிடைத்தவை அல்ல, சேலை கட்டியவர் என்பதற்காகக் கிடைத்தவை.

இனி 1952. அவரோடு சென்னையிலிருந்து சென்ற மற்ற இருவரையும் பாருங்கள். அம்மு சுவாமிநாதன் திண்டுக்கல்லில் நின்று மக்களவைக்குச் சென்றார். துர்காபாய் அந்தத் தேர்தலில் வெல்லவில்லை. ஆனால் திட்டக்குழுவுக்கு நியமிக்கப்பட்டார், சமூகநல வாரியத்தின் தலைவரானார். திருவிதாங்கூரிலிருந்து அந்த அவைக்கு வந்த ஆனி மஸ்கரீன் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக நின்றே வென்றார். தாட்சாயணி நிற்கவே இல்லை. அவர் வீட்டிலிருந்து நின்றவர் கணவர் வேலாயுதன். கொல்லம்–மாவேலிக்கரை என்ற, இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த இரட்டை உறுப்பினர் தொகுதியின் ஒதுக்கீட்டு இடத்தில் வென்று முதல் மக்களவைக்குச் சென்றார். ஐந்து பிள்ளைகள். ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி என்று வந்தால் அதில் யார் அமர்வது என்பதை எந்த வீட்டிலும் கேட்டு முடிவு செய்வதில்லை. அது கேட்காமலே முடிவாகிவிடும்.

எனக்கு வேலாயுதனைக் குறை சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் தோழர் கருவேலன் கேட்ட கேள்வியின் விடை இங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. தாட்சாயணி கொள்கையளவில் மறுத்த ஒதுக்கீட்டு இடம் ஒன்றில்தான் அவருடைய கணவர் நாடாளுமன்றம் சென்றார். பட்டியலில் வைத்து அனுப்பிய கட்சி, மக்களிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய காலம் வந்தபோது அவரைத் தேடி வரவில்லை. அம்முவுக்குப் பின்னால் குடும்பமும் செல்வமும் இருந்தன. துர்காபாய்க்குச் சென்னையில் ஆந்திர மகிளா சபை இருந்தது. தாட்சாயணிக்குப் பிறந்த மண்ணோ கொச்சி, பிரதிநிதித்துவமோ சென்னை. தமக்கென்று ஒரு தொகுதி எங்குமே உருவாகவில்லை.

கருவேலன்

அம்மா, இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவரைப் பயன்படுத்தினார்கள் என்று நான் எழுதியதில், பயன்படுத்திவிட்டுக் கைவிட்டார்கள் என்ற பாதியை எழுதத் தவறிவிட்டேன். பழஞ்சுவடி ஐயா எடுத்துக்காட்டிய 1948 பேச்சையும் நேற்றிரவு தேடிப் படித்தேன். தலையாட்டியவர் என்ற பொருள் என் எழுத்தில் தொனித்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். ஒதுக்கீடு பற்றிய என் மாறுபாடு அப்படியே இருக்கிறது.

புதுப்பானை

இழைக்குப் புதியவன். ஒரு சிறு ஐயம். இவர்தான் இந்தியாவின் முதல் தலித் பெண் நாடாளுமன்ற உறுப்பினரா? போட்டித் தேர்வுக்கான ஒரு குறிப்பில் 'மக்களவையின் முதல் தலித் பெண் உறுப்பினர்' என்று போட்டிருந்தார்கள்.

பழஞ்சுவடி

தம்பி, அந்தக் குறிப்பு தவறு. மக்களவை என்பது 1952 பொதுத்தேர்தலுக்குப் பிறகே உருவானது. அதில் அவர் உறுப்பினர் இல்லை. 1950 ஜனவரி 26 க்குப் பிறகு அரசியல் நிர்ணய சபையே இடைக்கால நாடாளுமன்றமாக இயங்கியது; அதில்தான் இருந்தார். தேர்வில் கேட்டால் 'அரசியல் நிர்ணய சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினர்' என்று எழுதுங்கள். அதில் யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

காயலோரம்

1952 க்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதை எழுதாமல் விட்டால் இந்த இழை நிறைவு பெறாது.

அவை நடந்த ஆண்டுகளிலேயே சென்னையில் 'தி காமன் மேன்' என்ற இதழோடு தொடர்பு கொண்டிருந்தார். பின்னர் குடும்பத்தோடு டெல்லியில் வாழ்ந்தார். நெய்தல்மகள் சொன்ன அந்தத் தொகுதிச் சிக்கலை 1971 உறுதிப்படுத்துகிறது. பத்தொன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, கேரளத்தின் அடூர் மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டார். கட்சி இல்லை, பணம் இல்லை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்கவி தங்கப்பன் வென்றார். தாட்சாயணி நான்காம் இடத்துக்குப் போனார். அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர் ஒருவர், அந்த அரசியலமைப்பு தந்த வாக்குரிமையைக் கொண்டு நடந்த தேர்தலில் தோற்றார். பார்கவி தங்கப்பனுக்கு அப்போது முப்பதுக்கும் குறைந்த வயது. அவரும் ஒரு பெண், அதுவும் ஒரு தனித்தொகுதியில் வென்ற பெண் என்பதால் எனக்கு அந்த முடிவைப் பற்றி வருத்தப்படவும் முழு மனம் வரவில்லை.

தேர்தல் அரசியலை விட்ட பிறகு அவர் செய்த வேலைதான் என்னை அதிகம் கவர்ந்தது. டெல்லியின் முனிர்க்கா பகுதியில் துப்புரவுப் பணி செய்யும் பெண்களிடையே வேலை செய்தார். 1977 இல் மகிளா ஜாக்ரதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். தலித் பெண்களுக்கென்று தனியாகக் கூட வேண்டும் என்ற எண்ணத்தை அந்த வயதில் செயலாக்கினார். 1946 இல் "பிரிந்து நிற்கும் பேச்சு வேண்டாம்" என்றவர், வாழ்வின் கடைசி ஆண்டுகளில் தம் மக்களில் பெண்களைத் தனியாகத் திரட்டினார். எண்ணம் மாறியதா, அல்லது முதலிலிருந்தே அவர் தேர்தல் கணக்கில் நம்பிக்கையில்லாமல் நேரடி வேலையைத்தான் நம்பினாரா என்பதை நண்பர்கள் வாதிடலாம். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது.

2019 இல் கேரள அரசு, பெண்களை மேம்படுத்த உழைக்கும் பெண்களுக்கென அவர் பெயரில் ஒரு விருதை அறிவித்து, நிதிநிலை அறிக்கையில் 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. முளவுகாட்டில் ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன். "டெல்லிக்குப் போனவங்கதானே" என்று மலையாளத்தில் கேட்டார். அவ்வளவு தெரிந்திருந்ததே எனக்கு வியப்பு.

நெய்தல்மகள்

நவம்பர் 29 பேச்சைப் பாதியில் விட்டுவிட்டேன், முடித்துவிடுகிறேன். கூடுதல் நேரம் பெற்ற பிறகு அவர் சொன்னது இதுதான்: இந்த அரசியலமைப்பு எப்படி இயங்கும் என்பது மக்கள் இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது, சட்டத்தை நிறைவேற்றுவதை மட்டும் பொறுத்தது அல்ல. காலப்போக்கில் தீண்டப்படாதோர் என்றொரு சமூகமே இருக்காது என்றும், வெளிநாட்டு மன்றங்களில் இதைப் பற்றி யாரேனும் கேட்டால் நம் பிரதிநிதிகள் தலைகுனிய வேண்டியிருக்காது என்றும் நம்புவதாகச் சொல்லி அமர்ந்தார். வரப்பிலிருந்து இறங்க மறுத்த ஆசிரியை பேசுகிறார் என்று நினைத்துப் படித்தால்தான் அந்த "நம்புகிறேன்" என்ற சொல்லின் எடை தெரிகிறது.

வைகைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. 1947 ஆகஸ்ட் 28 பேச்சின் அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து மொழிபெயர்த்து, அவருடைய பெயரையும் ஊரையும் போட்டு, குடும்பக் குழுவில் இன்று காலை இட்டேன். முதலில் படத்தைப் பகிர்ந்தவர் இதுவரை பதில் எழுதவில்லை. அவருடைய மகள், பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் படிப்பவள், "ஆய்வுக்கூடத்தில் தள்ளி நிறுத்தினார்களாமே, அது உண்மையா மாமா?" என்று தனியாகக் கேட்டிருக்கிறாள். இந்த இழையின் இணைப்பை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.